கண்ணுக்கு, காதுக்கு, வாசலுக்கு

அப்பா திரையைத் தொடுவதற்கு முன் சுட்டுவிரலைக் கைலியில் துடைத்துக்கொள்வார். அன்றும் துடைத்துக்கொண்டார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அறிவிப்பு செய்துகொண்டிருந்தோம். நான் மடிக்கணினியில் எழுத்துகளை வரிசைப்படுத்தி அனுப்புவேன். அவர் அதைத் தம் கைப்பேசியில் பெரிதாக்கி, அம்மனின் கிரீடத்தை ஏதாவது எழுத்து மறைக்கிறதா என்று பார்ப்பார்.

"சாமி தலைக்கு மேல போன் நம்பர் போடாத மா. கீழ போடு. கால்ல கெடக்கட்டும்."

கீழே போட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் பெயர் தங்கராஜு. கோல சிலாங்கூருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் ஈஜோக், ரவாங், பத்தாங் காலி என்று பிரிந்து போனார்கள். அவர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அப்பாதான் அறிவிப்பாளர். பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், சாவு என்று எதுவானாலும் படம் போட்டு, பெயர் போட்டு, நேரமும் இடமும் போட்டு அவர்தான் செய்வார். அவரை யாரும் நியமிக்கவில்லை. யாருடைய சாவுக்கோ பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்டு, அன்றிலிருந்து தாமே எடுத்துக்கொண்டார்.

குரல் பதிவு அனுப்பும்போது எழுந்து நிற்பார். கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துப் பேசுவார். லோரியில் வாக்கி டாக்கி வைத்திருந்த பழக்கம். பேசி முடித்ததும் "ஓவர்" என்பார். மீன் வாங்கச் சொல்லி ஜெராமில் இருக்கும் ஆளுக்கு அனுப்பும் பதிவிலும் ஓவர் உண்டு. என் பிறந்தநாளுக்கு அனுப்பிய வாழ்த்திலும் உண்டு. கைப்பேசி எப்போதும் சட்டைப் பையில், திரை நெஞ்சுப் பக்கம் திரும்பியிருக்கும். பைக்குப் பித்தான் இல்லாத சட்டையை அவர் வாங்கியதே இல்லை. குனிந்தால் விழுந்துவிடும் என்பது ஒரு காரணம். "அடுத்தவன் சேதி இருக்கு, யாரும் படிச்சிடக் கூடாது" என்பது இன்னொன்று.

நான் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பல்லூடகத் தொடர்பு கற்பிக்கிறேன். முதல் வாரப் பாடம் வரையறையும் வகைப்பாடும். எழுத்து, ஒலி, படம், அசைபடம் ஆகியவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரு செய்தியைக் கொண்டு சேர்ப்பது பல்லூடகத் தொடர்பு. இதை மலாயிலும் ஆங்கிலத்திலும் மாணவர்களுக்குச் சொல்வதற்கு முன் தமிழில் அப்பாவுக்குச் சொல்லிப் பார்ப்பேன். எனக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது வசதி. அவர் பாதி கேட்பார், பாதி கிண்டல் செய்வார்.

"அப்ப எங்க மண்டோரு பெரிய பல்லூடகம். வாயால ஏசுவாரு, கையால காட்டுவாரு, வெள்ளைப் பலகையில பேரையும் எழுதிப் போடுவாரு."

மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி. அவர் செய்தது உண்மையில் வரையறைக்குள் வருகிறது என்று சொன்னேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. கிண்டல் சரியாகிப்போனால் அவருக்குப் பிடிக்காது.

அவருக்கென்று ஒரு வகைப்பாடு இருந்தது. செய்தி மூன்று வகை. கண்ணுக்குப் போவது, காதுக்குப் போவது, வாசலுக்குப் போவது. தேர்வு முடிவு, மீன் விலை, பிறந்தநாள், ஊரார் சாவு எல்லாம் கண்ணுக்கு. படமாகப் போட்டால் போதும். நோய், பிரசவம், வேலை போனது, சொந்தத்தில் சாவு இவை காதுக்கு. குரல் கேட்க வேண்டும். கல்யாண அழைப்பும் மன்னிப்பும் வாசலுக்கு. ஆள் போய் நிற்க வேண்டும். அம்மா ஒருநாள் சமையலறையிலிருந்து தாம் எந்த வகை என்று கேட்டார்.

"நீ லைவ் லா விஜயராணி. ஆஃப் பண்ணவே முடியாது."

அந்த வகைப்பாட்டில் ஓட்டைகள் நிறைய. சுங்கை பஞ்சாங்கில் இருக்கும் அவருடைய சிநேகிதர் திவாகரன் நெல் வயலைக் காட்டுவதற்காகக் காணொளியில் அழைப்பார். அப்பா பழக்கத்தில் கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். வயலை அவர் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் திவாகரன் மாமா பல வருடங்களாக அப்பாவின் காதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். இது கண்ணா, காதா என்று கேட்டால் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். தைப்பூச அபிஷேகத்தை நேரலையில் பார்க்கும்போது எழுந்து நின்று, தீபம் வந்ததும் திரையின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது எந்த வகை என்றேன். சாமியை வகை பிரிக்காதே என்று பேச்சை முடித்துவிட்டார்.

காலையில் எழுந்ததும் வாசல் கேட்டைத் திறந்து, வானத்தை ஒரு படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவார். பூவோ சாமி படமோ வாசகமோ இருக்காது. மழைமேகம் அல்லது வெயில், கீழே ஓரத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளின் கைப்பிடி. படம் வந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம் என்பார். நேற்றே எடுத்து வைத்த படமாகவும் இருக்கலாமே என்பேன். "நேத்து மேகத்த இன்னைக்குக் காட்டுற அளவுக்கு எனக்குக் கெட்ட புத்தி இல்ல" என்பார்.

வெள்ளிக்கிழமை காலையிலும் படம் வந்திருந்தது. நல்ல வெயில்.

இனி அவர் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும்.

அப்பாவோடு பிறந்தவர்கள் இருவர். மூத்தவர் ஐயாவு பெரியப்பா, ஈஜோக்கில் இருந்தார். இளையவர் புஷ்பவள்ளி அத்தை, பத்தாங் காலியில் இருக்கிறார்; ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சில வருடங்களுக்கு முன் பெரியப்பா இறந்தபோது அப்பாதான் எல்லாருக்கும் சொன்னார். அவருடைய முறைப்படி சொந்தங்களுக்கு முதலில் குரல், பிறகுதான் குழுவில் படம். ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார். அத்தையை அழைத்தார், எடுக்கவில்லை. தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் அழுதுகொண்டே வேலை செய்துகொண்டிருந்தார். எழுந்து நின்று குரல் பதிவு செய்தார்.

"வள்ளி, அண்ணன் போயிட்டாரு மா. கெளம்பி வா. ஓவர்."

போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு குறி விழுந்தது. காதுக்குச் சொல்லியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அறிவிப்பைக் குழுவில் போட்டார்.

தேநீர் இடைவேளையில் அத்தை அலமாரியைத் திறந்து கைப்பேசியைப் பார்த்திருக்கிறார். கடைசியாக வந்தது மேலே நிற்கும். மேலே நின்றது மாலை போட்ட படம். அப்பாவின் குரல் அதற்குக் கீழே, திறக்கப்படாமல் இருந்தது. அந்தப் படமும் அத்தையின் மகள் கல்யாணத்தில் எடுத்தது. பெரியப்பாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அப்பா பெரியப்பாவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். ஓரத்தில் அத்தையின் சேலைக் கரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாலைக்குள் யார் என்று பார்ப்பதற்கு முன்பே அத்தை தம் சேலையை அடையாளம் கண்டுகொண்டார்.

சாவுக்கு வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னார்.

"ஊருக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லிட்டியேண்ணே."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவோடு பேசவும் இல்லை.

என் பாடத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. இரு முனையிலும் ஆள் ஒரே நேரத்தில் இருக்கும் தொடர்பு ஒன்று. ஒரு முனை அனுப்பிவிட்டுப் போக, மறுமுனை பிறகு எடுத்துக்கொள்ளும் தொடர்பு இன்னொன்று. ஊடகம் ஒலியா படமா என்பது வேறு கணக்கு. இது வேறு கணக்கு. அப்பா புலன்களை வைத்துப் பிரித்தவர். குரல் என்றால் காது என்று முடிவு கட்டியவர். அந்த இரண்டாவது கோடு அவருடைய மூன்று வகையில் இல்லை. பிறகு ஒருநாள் அதை அவருக்கு விளக்கினேன். வலையமைப்பில்கூட, வந்து சேர்ந்தது என்று மறுமுனை பதில் சொல்லாதவரை அனுப்பிய கருவி அதைச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளாது, திரும்பத் திரும்ப அனுப்பும் என்றேன். ஆறுதலாகச் சொன்னதாக நினைவு.

"மிஷினுக்கு இருக்கற புத்தி எனக்கு இல்லாமப் போச்சே மா."

அதிலிருந்து அவருடைய முறை மாறியது. தொலைபேசியில் எதைச் சொன்னாலும் மறுமுனை ஆங் என்று சொல்லும்வரை விடமாட்டார். ஆங் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வார். காப்பித்தூள் வாங்கி வரச் சொன்னாலும் இதுதான். அம்மா எரிச்சலில் வேண்டுமென்றே பேசாமல் இருப்பார். ஒரே காப்பித்தூளை மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் ஆங் சொல்வார்.

அத்தைக்குக் குரல் பதிவுகள் அனுப்பிப் பார்த்தார். ஒன்றையும் அத்தை திறக்கவில்லை. திறந்தால் ஒலிவாங்கிக் குறி நீலமாகும் என்று நான்தான் காட்டிக் கொடுத்திருந்தேன். சாம்பல் நிறத்திலேயே இருந்தது. ஆனால் காலைப் படத்தை அத்தைக்கும் அனுப்புவார். அதில் குறி நீலமாகும். தினமும் ஆகும். சில நாள் அனுப்பிய உடனே ஆகும்.

"கண்ணு தொறந்திருக்கு. காதுதான் இன்னும் சாத்தியிருக்கு" என்று எங்களிடம் சொல்வார். மருத்துவர் நல்ல செய்தி சொன்னதைப்போல் சொல்வார்.

அப்படியானால் நேரில் போய் நிற்க வேண்டியதுதானே என்று அம்மா கேட்பார். மன்னிப்பு வாசலுக்குப் போவது என்று வகைப்படுத்தியவர் அவர்தான். அங்கேதான் அவர் சிக்கிக்கொண்டார். காரணமில்லாமல் போய் நின்றால் சண்டைக்கு வந்ததாகிவிடும் என்பார். கேட்டைத் திறக்காமல் விட்டுவிட்டால் அதற்குப் பிறகு நாலாவது வகை ஒன்றும் கிடையாது என்பார். இதை ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

திருவிழா அவருக்குக் காரணம் கொடுத்தது. தோட்டம் போன பிறகு கோயில் புதிய இடத்துக்கு மாறி, இந்த ஆண்டுதான் முதல் திருவிழா. குழுவுக்குப் படம் போதும். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்ணைத் தட்டு வைத்து அழைப்பது எங்களுக்குள் வழக்கம். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே அழைப்பிதழ். அழைப்பிதழோடு வருகிறவனுக்குக் கேட்டைத் திறக்காமல் இருக்க முடியாது; அது மாரியம்மனுக்குக் கேட்டைச் சாத்துவதாகிவிடும். அத்தை அம்மனுக்குப் பயந்தவர். அப்பா அதையும் எண்ணித்தான் வைத்திருந்தார்.

கோயில் செயலாளர் திருச்செல்வம் சில அழைப்பிதழ்களை அச்சடித்துக் கொடுத்தார். அப்பா ஒன்றை எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். உறையின்மேல் புஷ்பவள்ளி என்று எழுதினார். எழுத்து கோணலாகிவிட்டது என்று வேறு உறை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. நான் கார் ஓட்ட வேண்டும்.

"நீ வாசல் வரைக்கும் வந்தா போதும். எறங்க வேணாம். நான் பேசிக்கிறேன்."

என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். பேச மாட்டேன், தட்டை நீட்டுவேன், அவள் வாங்கினால் போதும், மிச்சத்தைச் சோறு போடும்போது அவளே பேசிவிடுவாள் என்றார். வியாழக்கிழமை பித்தான் வைத்த வெள்ளைச் சட்டையை அம்மாவிடம் கொடுத்துத் தேய்க்கச் சொல்லி, அறையில் சன்னல் கம்பியில் மாட்டி வைத்தார். உறையைப் பக்கத்து மேசையில் வைத்தார். வெற்றிலை சனிக்கிழமைதான் வாங்க வேண்டும், வாடிவிடும் என்றார்.

வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது திருச்செல்வம் ஏற்கனவே வந்திருந்தார். அறிவிப்பைச் செய்துவிட்டார், அப்பா செய்துவைத்த பழைய வடிவம்தான், பெயரும் படமும் மாற்றினால் போதும். அப்பாவின் படம்தான் கிடைக்கவில்லை. அவருடைய கைப்பேசி முழுக்க வானம். கடைசியில் லோரி உரிமத்துக்கு எடுத்த படத்தைக் கொடுத்தேன். அதில் பக்கத்தில் யாரும் இல்லை.

போடலாமா என்று திருச்செல்வம் கேட்டார். பொறுங்கள் மாமா என்றேன். அத்தையை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. வேலை நேரம், கைப்பேசி அலமாரியில் இருக்கும். ஒலிவாங்கிக் குறி விரலுக்குக் கீழே இருந்தது. தொடவில்லை. தொழிற்சாலையின் எண்ணைத் தேடி எடுத்து அலுவலகத்துக்கு அழைத்தேன். மலாய்ப் பெண் ஒருவர் எடுத்தார். சொந்தத்தில் சாவு என்று சொல்லாமல், வீட்டிலிருந்து அவசரம் என்று மட்டும் சொல்லி அத்தையை அழைத்து வரக் கேட்டேன். இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ எதற்கோ சிரித்தார்கள். வெகுநேரம் கழித்து அத்தையின் குரல்.

"யாரு?"

"பிரேமா."

என் குரல் அத்தைக்கு அடையாளம் தெரிந்திருக்காது. பெயர் தெரிந்தது. "சொல்லு" என்றார்.

சொன்னேன்.

இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டுட்டேன் மா. கேட்டுட்டேன். வை."

அதற்குப் பிறகுதான் திருச்செல்வத்துக்குத் தலையசைத்தேன். அறிவிப்பு குழுவுக்குப் போனது.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். அப்பா அறிவித்தால் வருவதைவிட அதிகம் பேர் என்று யாரோ சொன்னார்கள். திவாகரன் மாமா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன்ல இவனோட காதுதான் தெரியும். மொகத்த இன்னைக்குத்தான் நல்லா பாக்குறேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு அழுதார்.

அத்தை கேட்டில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை எடுக்கும்வரை அங்கேயே இருந்தார்.

தகனம் முடிந்து குளித்துவிட்டு வந்த பிறகு, மாற்றுச் சேலை எடுக்க அத்தை, அப்பாவும் அம்மாவும் படுக்கும் அறைக்குள் போனார். நான் துண்டோடு பின்னால் போனேன். சன்னல் கம்பியில் சட்டை தொங்கியது. மேசையில் உறை இருந்தது. அதன்மேல் அத்தையின் பெயர்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார் என்று சொன்னேன். அத்தை சுட்டுவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். உறைக்குள்ளிருந்து அழைப்பிதழைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மூலையில் காய்ந்திருந்த மஞ்சளைத் தொட்டார். மறுபடி உள்ளே தள்ளினார். நான் தட்டு எடுத்து வரவா என்று கேட்டேன்.

"எழவு வீட்டுல அழைப்பு வாங்கக் கூடாது மா. அண்ணனுக்குத் தெரியும்."

சட்டையைக் கம்பியிலிருந்து எடுக்காமலே, தொங்கியபடியே, அதன் பையில் உறையைச் செருகினார். பெயர் எழுதிய பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு பித்தானைப் போட்டார்.